ஜிம் தோர்ப் எந்த ஆட்டத்தை விட்டிருக்க வேண்டும்?

1915 நவம்பரில் ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் ஊர்க்காரர் ஜாக் குசாக், ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்த ஜிம் தோர்ப்புக்கு ஒரு விலை சொன்னார்: ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர். குசாக் அந்த ஊரின் கால்பந்து அணியான கேன்டன் புல்டாக்ஸை நடத்தி வந்தவர். இவ்வளவு கொடுத்தால் அணி திவாலாகிவிடும் என்று கூட இருந்தவர்கள் பயந்தார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் ஹென்றி ஃபோர்டு தன் தொழிற்சாலையில் நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்து நாட்டையே வியக்க வைத்திருந்தார். அந்தக் கணக்கில் 250 டாலர் என்பது 50 நாள் கூலி. அதுவும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு.

கால்பந்து என்று நான் சொல்வது அமெரிக்கக் கால்பந்தை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுபவரை மோதிச் சாய்ப்பதும்தான் அந்த ஆட்டம்.

தோர்ப்புக்கு அப்போது ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. 1913 பிப்ரவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியில் சேர்ந்திருந்தார். மூன்று வருஷ ஒப்பந்தம், சம்பளம் வருஷத்துக்குச் சுமார் 6000 டாலர் என்று சொல்வார்கள். ஆக, 1915 முடியும்போது அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பேஸ்பாலோடு நின்றுகொள்ளலாம். அதை விட்டுவிட்டுக் கால்பந்துக்குப் போகலாம். அல்லது ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மட்டை, அப்புறம் டிசம்பர் வரை முட்டைப் பந்து என்று இரண்டையும் ஓட்டலாம். அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்.

தவறான தேர்வு என்பதுதான் பொதுவான தீர்ப்பு. கால்பந்தில் மேதை, பேஸ்பாலில் சுமார். பேஸ்பாலில் போன வருஷங்கள் வீண் என்று எழுதுவார்கள். பேஸ்பாலில் அவருடைய மொத்தக் கணக்கு 289 ஆட்டம், சராசரி 0.252 (நாலு முறை மட்டை பிடித்தால் ஒரு ஹிட், அதாவது பத்திரமாக ஓட முடிந்த அடி), ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) 7. கேன்டனில் இன்றைக்கும் நிற்கும் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் 1963ல் முதல் தொகுதியிலேயே அவர் பெயர் இடம்பெற்றது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தீர்ப்பு சரி போலத்தான் தெரியும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். வருஷ வாரியாகக் கணக்கைப் பிரித்துப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

அவர் கதையின் தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஓக்லஹோமாவில், சாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடியில் பிறந்தவர். பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில் இருந்த பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளியில் படித்தார். 1911ல் அந்தப் பள்ளி ஹார்வர்டைக் கால்பந்தில் 18-15 என்று வீழ்த்தியது. அன்று தோர்ப் அடித்த ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவது) நான்கு. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். 1913 ஜனவரியில் ஒரு செய்தி வெடித்தது: 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவின் ஒரு சின்ன லீக்கில் அவர் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியிருக்கிறார். கல்லூரிப் பையன்கள் பலர் கோடையில் செய்ததுதான். அவர்களில் நிறையப் பேர் புனைபெயரில் ஆடினார்கள், இவர் சொந்தப் பெயரில் ஆடினார். அன்றைய ஒலிம்பிக் காசு வாங்காத அமெச்சூர்களுக்கு மட்டும்தான், பதக்கங்கள் பறிபோயின. அமெச்சூர் என்ற தகுதியே போன பிறகு, தொழில்முறை ஆட்டம் ஒன்றுதான் மிச்சம்.

இப்போது ஒப்பிடுவோம். முதலில் பணம். 6000 டாலரை ஒரு பருவத்தின் 154 ஆட்டத்தால் வகுத்தால் ஆட்டத்துக்குச் சுமார் 39 டாலர். அதோடு ஒப்பிட்டால் 250 டாலர் மலை மாதிரி தெரிகிறது. ஆனால் கால்பந்துப் பருவம் முழுக்க ஆடினாலும் பத்து ஆட்டம் தேறும், கையில் 2500 டாலர் வரும். அதுகூட உறுதியில்லை. மழை பெய்தாலோ, கூட்டம் வராவிட்டாலோ, அணியே கலைந்தாலோ போயிற்று. ஓர் அணி வருஷா வருஷம் உயிரோடு இருக்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லாத காலம் அது. பேஸ்பால் சம்பளம் மாதக் கடைசியில் வரும் அரசாங்கச் சம்பளம் மாதிரி. குடும்பஸ்தன் ஒருவன் இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பேஸ்பாலை விடவே மாட்டான்.

பணத்தோடு ஒட்டிக்கொண்டே இன்னொன்று வரும்: யார் கையில் கயிறு? பேஸ்பால் ஒப்பந்தங்களில் ரிசர்வ் ஷரத்து என்று ஒன்று இருந்தது. வருஷ ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் அந்த அணிக்கே சொந்தம். அணியாகப் பார்த்து விற்கலாம், மாற்றலாம், கடன் கொடுக்கலாம், அவனாகக் கிளம்ப முடியாது. 1975 வரை இந்தக் கட்டு உடையவில்லை. தோர்ப்பை 1917 ஏப்ரலில் சின்சினாட்டிக்கு அனுப்பினார்கள், ஆகஸ்டில் திரும்பக் கூப்பிட்டார்கள், 1919 மே மாதம் பாஸ்டனுக்குத் தள்ளினார்கள். எதிலும் அவரை யாரும் கேட்கவில்லை. கால்பந்தில் நிலைமை நேர் எதிர். இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் அதிகம் கொடுக்கிற ஊர் என்று ஆட்டக்காரர்கள் தாவிக்கொண்டே இருந்தார்கள். அணி முதலாளிகள் அதைச் சாபம் என்றார்கள். ஆட்டக்காரனுக்கு, குறிப்பாகக் கூட்டத்தை இழுக்கிற ஒருவனுக்கு, அது பெரிய சுதந்திரம்.

தோர்ப் கூட்டத்தை எப்படி இழுத்தார் என்பதைக் குசாக் பிறகு சொல்லியிருக்கிறார். அதுவரை கேன்டன் ஆட்டங்களுக்குச் சராசரியாக 1200 பேர் வருவார்கள். தோர்ப் வந்ததும் பக்கத்து ஊரான மசிலனோடு நடந்த இரண்டு ஆட்டங்களுக்கு 6000, 8000 என்று திரண்டார்கள். முதல் ஆட்டத்தில் மசிலன் 16-0 என்று ஜெயித்தது. இரண்டாவதில் கேன்டன் 6-0. அந்த ஆறு புள்ளிகளும் தோர்ப்பின் காலிலிருந்து வந்த இரண்டு ஃபீல்டு கோல்கள். அதற்குப் பிறகு அந்த 250 டாலரைப் பற்றிக் கேன்டனில் யாரும் முணுமுணுத்திருக்க மாட்டார்கள்.

உடம்பு விஷயத்தில் பதில் வெளிப்படையானது போலத் தோன்றும். அன்றைய கால்பந்தில் தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தற்காப்புக்கு ஒரு கூட்டம் என்றெல்லாம் கிடையாது. பதினோரு பேரும் அறுபது நிமிஷமும் நிற்க வேண்டும். தலைக்கவசம் வெறும் தோல்; அதைக்கூடப் போட்டே ஆக வேண்டும் என்ற விதி 1943ல்தான் வந்தது. ஆனாலும் இந்தக் கதையில் ஒருவரின் பேஸ்பால் வாழ்க்கையை முடித்த அடி, பேஸ்பாலில்தான் பட்டது. அந்த அடி பட்டவர் ஜார்ஜ் ஹாலஸ். அவரிடம் அப்புறம் வருவோம்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒப்பீடு வேறு: எந்த ஆட்டம் அவரை ஆட விட்டது?

ஜயன்ட்ஸ் அணி 1911, 1912, 1913 என்று வரிசையாக மூன்று முறை நேஷனல் லீக்கை (முதல் நிலை பேஸ்பாலின் இரண்டு லீக்குகளில் ஒன்று) வென்ற அணி. மேலாளர் ஜான் மெக்ரா கண்டிப்புக்குப் பேர் போனவர். அப்படிப்பட்ட அணியில் அரைகுறைப் பயிற்சியோடு வந்தவனுக்கு வெளியே பெஞ்ச்தான். 1913ல் தோர்ப் மட்டை பிடித்தது 35 முறை. 1914ல் 31. 1915ல் 52. மூன்று வருஷமும் சேர்த்து 118. தினமும் ஆடுகிற ஒருவருக்கு இது ஒரு மாத வேலை. வளைந்து வரும் பந்தை அவரால் அடிக்க முடியாது என்று ஒரு பேச்சு அப்போதே கிளம்பி, இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாமல் போகாது. உள்ளே திரும்புகிற பந்தை எத்தனை நாள் வலையில் ஆடினாலும், நடுவில் போய் நின்று, நாலு தடவை ஏமாந்து, ஐந்தாவது தடவை தொட்டால்தான் கண் பழகும். மூன்று வருஷம் தண்ணீர்ப் புட்டி தூக்க வைத்துவிட்டு, பையனுக்கு ஸ்விங் வராது என்று சொல்வது என்ன நியாயம்?

பெஞ்சில் உட்கார வைத்தாலும் அவர் பெயர் அணிக்கு வேண்டியிருந்தது. 1913 கடைசியில் ஜயன்ட்ஸும் சிகாகோ வைட் சாக்ஸும் உலகச் சுற்றுப்பயணம் கிளம்பின. ஜப்பான், ஆஸ்திரேலியா என்று போய், 1914 தொடக்கத்தில் கொழும்பிலும் ஓர் ஆட்டம் ஆடி, எகிப்து வழியாக ஐரோப்பாவுக்குப் போனார்கள். புதுமனைவி ஐவாவோடு தோர்ப்பும் அந்தப் பயணத்தில் இருந்தார். ஸ்டாக்ஹோம் வீரரை ஊர் ஊராகக் காட்டுவது நல்ல விளம்பரம். பருவம் தொடங்கியதும் மறுபடி பெஞ்ச்.

அவரை ஆட விட்டபோது என்ன ஆயிற்று? 1916ல் மில்வாக்கிக்கு, இரண்டாம் நிலை லீக்குக்கு அனுப்பினார்கள். தினமும் ஆடினார், 48 பேஸ்களை (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய நிலைகள்) பந்து அடிக்கப்படாமலே ஓடித் திருடி லீக்கில் முதலிடம். 1917ல் சின்சினாட்டி ரெட்ஸ் அணியில் வரிசையாக வாய்ப்பு கிடைத்தது. அந்த வருஷம் மே 2ஆம் தேதி சிகாகோவில் நடந்த ஆட்டம் பேஸ்பால் சரித்திரத்திலேயே தனி. ரெட்ஸின் ஃப்ரெட் டோனி, சிகாகோ கப்ஸின் ஹிப்போ வான், பந்து எறியும் இந்த இரு பிட்சர்களும் ஒன்பது இன்னிங்ஸ் முடியும்வரை எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. பத்தாவது இன்னிங்ஸில் தோர்ப் மட்டையில் பட்ட பந்து பிட்சர் பக்கம் மெதுவாக உருண்டது. அந்த அடியில் மூன்றாவது பேஸில் இருந்த லேரி காஃப், ஓட்டம் முடியும் இடமான ‘வீடு’ வந்து சேர்ந்தார். 1-0. காஃப் அப்படி வந்து சேர்ந்ததற்கு, பந்தைப் பிடித்தவர்கள் தோர்ப்பின் ஓட்டத்துக்குப் பயந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அந்த 1917 சின்சினாட்டி அணியைப் பார்த்தாலே நம் கேள்விக்கான பதில்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மேலாளர் கிறிஸ்டி மாத்யூசன். 373 வெற்றிகள் பெற்ற பிட்சர், 1936ல் பேஸ்பால் புகழ் மண்டபத்தின் முதல் ஐவரில் ஒருவர். அவரும் இளமையில், 1902ல், பிட்ஸ்பர்க்கில் காசுக்குக் கால்பந்து ஆடியவர்தான். பிறகு அதை மூட்டை கட்டிவிட்டு ஒரே ஆட்டத்தில் நின்றார். அவர் வரையில் அதில் கேள்வியே இல்லை. 1901லேயே ஜயன்ட்ஸ் அவர் கையில் பந்தைக் கொடுத்துப் பருவம் முழுக்க ஆட வைத்தது. ஒரே ஆட்டத்தில் நிற்பது என்ற முதல் வழி, ஆட விடுபவர்களுக்குத்தான் வழி.

அதே அணியின் இன்னொரு வெளிமைதானக்காரர் எர்ல் நீல், எல்லோரும் கிரீஸி என்று கூப்பிடுவார்கள். கோடையில் தோர்ப்போடு ரெட்ஸ், குளிர்காலத்தில் அதே தோர்ப்போடு கேன்டன் புல்டாக்ஸ். பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 1919ல் 28 முறை மட்டை பிடித்து 10 ஹிட், சராசரி 0.357. கூடவே கல்லூரி அணிகளுக்குப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னாளில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கால்பந்து அணியின் பயிற்சியாளராக 1948, 1949 இரண்டு வருஷமும் கோப்பை வாங்கிக் கொடுத்தார். இரண்டையும் ஆடு, ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு பிழைக்க மூன்றாவது ஒரு தொழிலை இப்போதே கற்றுக்கொள் என்பதுதான் நீலின் வழி. எனக்கு இந்த ஆள்மேல் தனி மரியாதை உண்டு.

இரண்டு ஆட்டமும் ஆடிய எர்னி நெவர்ஸையும் சொல்ல வேண்டும். 1926ல் டுலூத் எஸ்கிமோஸ் கால்பந்து அணிக்காக நாடு முழுக்க அலைந்து 29 ஆட்டம். ஏறக்குறைய ஒரு நிமிஷம் விடாமல் களத்தில் நின்றார். கோடையில் செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸின் பிட்சர், மூன்று வருஷத்தில் 6 வெற்றி, 12 தோல்வி. 1927ல் பேப் ரூத் அடித்த 60 ஹோம் ரன்களில் இரண்டு இவர் பந்தில் போனவை. பிரௌன்ஸை விட்ட பிறகு 1929 நவம்பர் 28 அன்று சிகாகோ கார்டினல்ஸ் கால்பந்து அணிக்காகத் தனியாளாக 40 புள்ளி எடுத்தார், அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. கால்பந்துக்கு மட்டும் போயிருக்க வேண்டியவர் என்று ஒருவரைக் கை காட்டச் சொன்னால் நான் நெவர்ஸைக் காட்டுவேன், தோர்ப்பை அல்ல.

ஏன் தோர்ப் இல்லை? 1917 அக்டோபரையும் 1919ஐயும் பாருங்கள். 1917ல் ஜயன்ட்ஸ் உலகத் தொடருக்குப் போனது. ஐந்தாவது ஆட்டத்தில் தோர்ப் பெயர் பட்டியலில் இருந்தது, வலது மைதானம், மட்டை வரிசையில் ஆறாவது இடம். வைட் சாக்ஸ் இடது கை பிட்சரோடு தொடங்கியதால்தான், வலது கையால் மட்டை பிடிக்கும் அவருக்கு அந்த இடம். முதல் இன்னிங்ஸிலேயே அவர்கள் வலது கை பிட்சருக்கு மாறினார்கள். மெக்ரா உடனே தோர்ப்பை உட்காரச் சொல்லிவிட்டு வேறொருவரை அனுப்பினார். உலகத் தொடரில் தோர்ப்பின் மொத்தப் பங்கும் அவ்வளவுதான். பட்டியலில் பெயர் ஏறியது, மட்டை பிடிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பாஸ்டன் பிரேவ்ஸில், எந்தக் கோப்பைக்கும் போகாத அணியில், 60 ஆட்டம் ஆட விட்டார்கள். சராசரி 0.327. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மேஜர் லீக் என்கிற முதல் நிலை பேஸ்பாலில் அவருக்கு அதுவே கடைசிப் பருவம். அடுத்த வருஷம் ஏக்ரன் அணிக்காக 0.360, அதற்கடுத்த வருஷம் டொலிடோவில் 0.358. இரண்டாம் நிலை லீக்தான், சரி. ஆனாலும் வளையும் பந்து அங்கேயும் வளையத்தான் செய்யும்.

அதனால் என் தீர்ப்பு இது: தோர்ப் விட்டிருக்க வேண்டியது பேஸ்பாலையும் அல்ல, கால்பந்தையும் அல்ல. நியூயார்க்கின் பெஞ்சை. 1913 பிப்ரவரியில் எந்த அணிக்கும் கட்டுப்படாத ஆளாக அவர் நின்றபோது வேறு சில அணிகளும் அவரைக் கேட்டன. அதில் ஒரு பலவீனமான அணிக்குப் போய், குறைந்த சம்பளத்துக்கு, தினம் நாலு முறை மட்டை பிடித்திருந்தால் 0.327 என்ற எண் 1915லேயே வந்திருக்கும் என்று நம்புகிறேன். குளிர்காலத்தில் கேன்டன் அப்போதும் இருந்திருக்கும். 1916, 1917, 1919 என்று அந்த அணியை நாட்டின் முதல் அணியாக அவர் நிறுத்தியது, பேஸ்பால் ஆடிக்கொண்டே செய்ததுதான். இரண்டையும் ஆடியது அவர் காலை இடறவில்லை.

இரண்டாவது திருப்பம் 1920ல் வந்தது. செப்டம்பர் 17 அன்று கேன்டனில் ரால்ஃப் ஹே என்பவரின் கார் விற்பனைக் கூடத்தில் கால்பந்து அணிக்காரர்கள் கூடினார்கள். நாற்காலி போதாமல் கார்களின் படிகளில் உட்கார்ந்து பேசினார்கள் என்பார்கள். அமெரிக்கக் கால்பந்தின் தலைமை லீக்கான இன்றைய என்எஃப்எல் அங்கேதான் பிறந்தது. தலைவராக யாரைப் போடுவது? பத்திரிகைக்குத் தெரிந்த ஒரே பெயர் தோர்ப். போட்டார்கள். அடுத்த வருஷமே ஜோ கார் என்ற நிர்வாகி அந்த இடத்துக்கு வந்தார்.

அதே கூடத்தில் ஹாலஸும் இருந்தார். 1919ல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்காக 12 ஆட்டம் ஆடி, 22 முறை மட்டை பிடித்து 2 ஹிட் அடித்தவர். மூன்றாவது பேஸுக்குச் சறுக்கியபோது இடுப்பில் பட்ட அடி அவரைப் பேஸ்பாலிலிருந்து அனுப்பியது. அவர் இடத்துக்குத்தான் பேப் ரூத் வந்தார் என்ற கதை தவறு. ரூத் யாங்கீஸுக்கு வந்தது 1920ல், அதற்குள் ஹாலஸ் போயாயிற்று. ஹாலஸுக்கு டெகேட்டர் ஊரின் ஸ்டேலி ஸ்டார்ச் கம்பெனி வேலையும் கொடுத்து அணியையும் கொடுத்தது. 1921ல் கம்பெனி முதலாளி 5000 டாலரும் கொடுத்து, அணியைச் சிகாகோவுக்கு எடுத்துக்கொண்டு போ, ஒரு வருஷம் எங்கள் பெயரை வைத்துக்கொள், போதும் என்றார். அதுதான் சிகாகோ பேர்ஸ். ஹாலஸ் அதன் சொந்தக்காரராகவே 1983ல் இறந்தார்.

தோர்ப்புக்கு 1922ல் கிடைத்த முதலாளி வால்டர் லிங்கோ. ஒஹையோவில் லரூ என்ற சிற்றூரில் ஏர்டேல் ஜாதி நாய்கள் வளர்த்து விற்றவர். பழங்குடி ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து ஓராங் இண்டியன்ஸ் என்று அணி கட்டினார். நோக்கம் நாய் வியாபாரம். இடைவேளையில் நாய்கள் வித்தை காட்டும்; ஆட்டக்காரர்கள் ஓய்வெடுப்பதற்குப் பதில் தங்கள் நடனங்களை ஆடிக் காட்ட வேண்டும். ஒருவருக்கு அணியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள், இன்னொருவரை அணியோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தார்கள். முதலாளியாகும் வழியைத் தோர்ப் தேர்ந்தெடுக்கவில்லையே என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அமெரிக்கப் பழங்குடியினர் எல்லோருக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்ததே 1924ல்தான். 5000 டாலரை நம்பிக் கொடுக்கிற கம்பெனி அவருக்கு எங்கே இருந்தது?

1923 நவம்பர் 4 அன்று ஓராங் அணியும் பேர்ஸ் அணியும் மோதின. இரண்டு வருஷத்தில் நாலே ஆட்டம் ஜெயித்த அணி ஓராங். கோல் கோட்டுக்கு இரண்டு கஜம் முன்னால் வந்துவிட்ட தோர்ப்பின் கையிலிருந்து பந்து நழுவியது. ஹாலஸ் அதைப் பொறுக்கிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினார். அவருக்கு 28 வயது. நடு வயதை எட்டிக்கொண்டிருந்த தோர்ப் பின்னாலேயே துரத்தினார், மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, 98 கஜம். ஹாலஸ் கோட்டைத் தாண்டி விழுந்தார். அந்த ஓட்டம் 1972 வரை லீக்கின் சாதனையாக இருந்தது.